'யானிங் கேப்' கொட்டாவி விடுமா?

மதுரைக்காரி:
மொழிபெயர்ப்பு வேலைக்கு வந்த புதிது. ஏழைக்கும் பணக்காரருக்கும் நடுவே 'யானிங் கேப்' (yawning gap) என்று ஓர் ஆங்கிலக் கட்டுரையில் வந்தது. 'யான்' (yawn) என்றால் கொட்டாவி, பள்ளியில் படித்தது அதுதானே? 'கொட்டாவி விடும் இடைவெளி' என்று எழுதி அனுப்பிவிட்டேன். திரும்பி வந்த தாளில் அந்த வரியைச் சுற்றிச் சிவப்பு வட்டம், பக்கத்தில் ஒரே ஒரு கேள்விக்குறி. நாலு வருஷம் ஆகியும் அது கண்ணை விட்டுப் போகவில்லை.

திருப்பூர் நூல்:
எனக்கு ஸ்பெல்லிங்கில் விழுந்த அடி. 'யார்ன்' (yarn), அதாவது நூல், விலை ஏறிவிட்டது என்று வெளிநாட்டு பையருக்கு மெயில். காதில் கேட்டபடி அடித்ததில் நூல் கொட்டாவியாகிவிட்டது. அதுவும் சரியான சொல் என்பதால் கம்ப்யூட்டர் சிவப்புக் கோடு போடவில்லை. பையர் பதிலில் சொல்லை மட்டும் திருத்தி எழுதியிருந்தார், தவறைப் பற்றி மூச்சு விடவில்லை. அந்த மரியாதையை மறக்க முடியாது.

லண்டன் வாசி:
அலுவலகத்தில் இருபது நிமிடம் பேசிவிட்டு வந்தேன். லிஃப்ட் பக்கம் ஒருவர் 'வாட் எ யான்' என்றார். யாருக்கோ தூக்கம் என்று நினைத்து, அவரைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போனேன். சலிப்பூட்டும் பேச்சையே 'யான்' என்பார்கள் என்று வீட்டில் மகள் சொன்னாள். அவர் சொன்னதைவிட, நான் சிரித்ததுதான் இன்னும் உறுத்துகிறது.

ஓய்வுபெற்ற ஆசிரியர்:
மதுரைக்காரி, அதை உங்கள் தவறு என்று ஒப்ப மாட்டேன். முப்பது வருஷம் நானும் பாதிப் பொருளைத்தான் சொல்லிக்கொடுத்தேன். பழைய ஆங்கிலத்திலேயே அந்தச் சொல்லுக்கு அகல வாய் திறப்பது என்ற பொருள் உண்டு. ஷேக்ஸ்பியரின் ஹாம்லெட் நாடகத்தில் நள்ளிரவில் இடுகாடுகள் 'யான்' செய்யும். கல்லறைக்கு ஏது தூக்கம்? வாய் பிளக்கிறது, அவ்வளவுதான். 'கேயாஸ்' (chaos) என்ற கிரேக்கச் சொல்லும் வாய் பிளப்பதோடு உறவுள்ளது. அதன் பழைய பொருள் பெரும் வெற்றிடம். அப்புறம், 'கேப்' (gape) என்று இன்னொரு வினைச்சொல் இருக்கிறது, வாயில் ஈ போவது தெரியாமல் பார்ப்பது. அதையும் 'யான்' என்பதையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். எடுத்துக்காட்டு வாக்கியம் உள்ள அகராதியாக வாங்குங்கள். முதல் பொருளோடு மூடிவிடாமல் கடைசி வரி வரை படியுங்கள். ஒரு நோட்டில் வாக்கியத்தோடு எழுதி, வாரம் ஒருமுறை திருப்பிப் பாருங்கள்.

திருப்பூர் நூல்:
ஐயா, இவ்வளவு எதற்கு? 'மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்' என்று எழுதினால் எல்லோருக்கும் புரியுமே.

மதுரைக்காரி:
இல்லைங்க, அது வித்தியாசத்தை மட்டும்தான் சொல்கிறது. அந்தக் கட்டுரையில் இடைவெளி ஆளை விழுங்குகிற மாதிரி இருந்தது. ஐயா சொன்ன இடுகாடு மாதிரி. பழைய தாளை எடுத்து, கேள்விக்குறிக்குக் கீழே 'வாய் பிளந்து கிடக்கும் இடைவெளி' என்று இப்போதுதான் எழுதினேன்.