சனசமூக நிலையத்துக்கு ஒரு சுய உடல்நலத் தாள்: எதை அளக்கிறது, எதைக் கேக்கிறது?

வலிகாமம்_வாசிகசாலை:
வணக்கம். எங்கட சனசமூக நிலையத்தில ஒரு ஞாயிறு காலமை, வாற ஆக்கள் தங்கட உடல்நல ஆபத்தைத் தாங்களே கணிக்கிற மாதிரி ஒரு தாள் குடுக்க இருக்கிறம். முன்பக்கம் அளவுகள். பின்பக்கம் எங்கட பக்கத்தில கூட வாற வருத்தங்களைப் பற்றின அறிவுக் கேள்விகள். கையில இருக்கிறது நிறை பாக்கிற தராசு, அளவு ரேப், மேற்கையில கட்டுற பிரஷர் மெஷின் ஒண்டு. ரத்தம் குத்திப் பாக்கிற எண்ணம் இல்லை.

இணையத்தில கிடைச்ச மாதிரித் தாள்களில பிஎம்ஐ (கிலோவில நிறையை, மீற்றரில உயரத்தின்ர வர்க்கத்தால பிரிச்சு வாற எண்) 25 வரை சரி எண்டு கிடக்கு. அது எங்களுக்குப் பொருந்துமோ? பின்பக்கத்தில எதைக் கேட்டால் பிரயோசனம்? எண் கூடி வந்தவையை எங்க அனுப்புறது?

கிளினிக்_கொப்பி:
25 ஐப் போடாதேங்கோ. ஆசியர்களுக்கு 23 இலிருந்தே ஆபத்து கூடத் தொடங்குது, 27.5 க்கு மேல அது கடும் ஆபத்து. 160 சென்ரிமீற்றர் உயரம், 64 கிலோ நிறை உள்ள ஒருவருக்கு பிஎம்ஐ சரியா 25. நீங்கள் எடுத்த தாள் அவரைக் கரையில நிப்பாட்டி விட்டிடும். எங்கட கணக்கில அவர் 59 கிலோவுக்குக் கிட்ட இருக்க வேணும்.

ஒரு அளவுக்குத்தான் இடம் எண்டால் நான் இடுப்பைத்தான் எடுப்பன். ஆண் 90, பெண் 80 சென்ரிமீற்றர், அதுக்கு மேல போகக் கூடாது. ஆனா காற்சட்டை அளவைக் கேட்டு எழுதாதேங்கோ. ஆம்பிளையள் வயித்துக்குக் கீழதான் இடுப்புப்பட்டி கட்டுறவை, அதால அந்த எண் எப்பவும் குறைவாத்தான் வரும். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பு எலும்பின்ர மேல் விளிம்புக்கும் நடுவில ரேப்பைச் சுத்தி, சாதாரணமா மூச்சை வெளிய விட்ட நேரத்தில வாசியுங்கோ. வயித்தை உள்ள இழுக்க விடாதேங்கோ. பெண்களுக்குத் தனி அறையும், அளக்க ஒரு பெண்ணும் வேணும். அது இல்லாட்டி பாதிப் பேர் அளக்காமலே போயிடுவினம்.

சலரோகத்துக்கு, ரத்தம் எடுக்காமல் கணிக்க, சென்னையில உருவாக்கின இந்திய நீரிழிவு ஆபத்துப் புள்ளி இருக்கு. மொத்தம் 100. வயது 35 இலிருந்து 49 எண்டால் 20, 50 உம் அதுக்கு மேலும் 30. இடுப்பு ஆணுக்கு 90 இலிருந்து 99, பெண்ணுக்கு 80 இலிருந்து 89 எண்டால் 10, அதையும் தாண்டினால் 20. தாய் தகப்பனில ஒருவருக்குச் சலரோகம் இருந்தால் 10, ரெண்டு பேருக்கும் எண்டால் 20. இருந்த இடத்து வேலை, உடற்பயிற்சியும் இல்லை எண்டால் 30. 60 உம் மேலும் வந்தால் வெறுவயித்து ரத்தப் பரிசோதனை கட்டாயம்.

அந்தப் பரிசோதனைக்குக் குறைஞ்சது 8 மணித்தியாலம் தண்ணியைத் தவிர ஒண்டும் வாயில வைக்கக் கூடாது. "தேத்தண்ணி மட்டும்தான் குடிச்சனான்" எண்டு சீனி போட்ட தேத்தண்ணியோட போறவை கனபேர். அந்த ரிப்போட்டை வச்சு ஒண்டும் சொல்லேலாது. டெசிலீற்றருக்கு 100 மில்லிகிராமுக்குக் கீழ சரி, 100 இலிருந்து 125 வரை எச்சரிக்கை, 126 உம் மேலும் சலரோகம். அறிகுறி ஒண்டும் இல்லாட்டி இன்னொரு நாள் திருப்பிப் பாத்துத்தான் முடிவெடுப்பினம். கடந்த ரெண்டு மூண்டு மாதச் சீனி அளவைக் காட்டுற எச்பிஏ1சி ரத்தப் பரிசோதனை 6.5 வீதமும் மேலும் எண்டாலும் சலரோகம்தான். இரும்புச்சத்துக் குறைவால ரத்தசோகை உள்ள பெண்களில அந்த எண் கூட்டிக் காட்டக்கூடும், அதைத் தாளில ஒரு வரியாப் போடுங்கோ.

பனங்கூடல்:
உங்கட தாளில கூடப் பிழைக்கப் போறது பிரஷர். வந்த உடன கையை நீட்டச் சொல்லி மெஷினைக் கட்டினால், சைக்கிள் உழக்கி வந்த எல்லாருக்கும் பிரஷர் எண்டுதான் வரும்.

சுவரோரமா அஞ்சாறு கதிரை போடுங்கோ. வந்தவர் சலம் கழிச்சிட்டு, முதுகு சாய்ச்சு, ரெண்டு பாதமும் நிலத்தில பட, கால் மேல கால் போடாமல், கதைக்காமல் 5 நிமிடம் இருக்க வேணும். முந்தின அரை மணித்தியாலத்தில கோப்பி, தேத்தண்ணி, சுருட்டு, சிகரெட் கூடாது. ஆகையால் வாசலில தேத்தண்ணி குடுத்து வரவேற்காதேங்கோ, அளந்து முடிய குடுங்கோ. கை மேசையில, பட்டி நெஞ்சின் உயரத்தில. கை தொங்கினால் எண் கூடும். சட்டைக் கையை மேல சுருட்டி இறுக்கினாலும் பிழை, சட்டைக்கு மேல கட்டினாலும் பிழை.

பட்டியில சுற்றளவு அடிச்சிருக்கும், அநேகமா 22 இலிருந்து 32 சென்ரிமீற்றர். மேற்கைச் சுற்றளவை ரேப்பால பாருங்கோ. 34 உள்ளவருக்கு அதே பட்டியைக் கட்டினால் இல்லாத பிரஷரைக் காட்டும், பெரிய பட்டி வேணும். ஒரு நிமிட இடைவெளியில மூண்டு தரம் எடுத்து, முதலாவதை விட்டிட்டு மற்ற ரெண்டின்ர சராசரியை எழுதுங்கோ. ஒரு மெஷினில மணித்தியாலத்துக்குப் பத்துப் பேருக்கு மேல ஒழுங்காப் பாக்கேலாது. 40 பேர் எண்டால் இன்னொரு மெஷின் இரவல் வாங்குங்கோ.

140/90 உம் மேலும் வந்தால் அது நோய் எண்டு தாளில எழுதாதேங்கோ, "திருப்பிப் பாக்க வேணும்" எண்டு மட்டும் எழுதுங்கோ. வீட்டில 7 நாள், காலமையும் பின்னேரமும் ரெண்டு ரெண்டு தரம் பாத்து, முதல் நாளை விட்டிட்டு வாற சராசரி 135/85 ஐத் தொட்டால் கூடின பிரஷர்தான். 180/110 வந்தால் அண்டைக்கே வைத்தியசாலை. அதோட நெஞ்சு நோவு, மூச்சு முட்டல், ஒரு பக்கம் இயலாமை, வாய் கோணல் எண்டால் 1990 அம்புலன்சுக்கு அடியுங்கோ, அது இலவசம்.

மாரிமழை:
பின்பக்கத்துக்கு: "டெங்கு எதனால் பரவுகிறது?" என்று கேட்காதீர்கள். நுளம்பு என்று பள்ளிப் பிள்ளையும் சொல்லும். பிழையாக நம்பினால் உயிருக்கு ஆபத்து வரும் விடயங்களைச் சரி, பிழை என்று கேளுங்கள். நான் போடும் வரிகள்:

"காய்ச்சல் விட்டால் டெங்கு ஆபத்து முடிந்தது." பிழை. இரத்தக் குழாயிலிருந்து நீர் கசியும் 24 முதல் 48 மணித்தியாலம் பெரும்பாலும் காய்ச்சல் இறங்கும் நேரத்தில்தான் தொடங்குகிறது. அப்போது வயிற்று நோ, விடாத வாந்தி, கைகால் குளிர்தல், 6 மணித்தியாலமாகச் சலம் போகாமை, சோர்ந்து படுத்தல் இவற்றில் ஒன்று இருந்தாலும் உடனே போக வேண்டும்.

"உடம்பு நோவுக்கு டைக்ளோபினாக், இபுபுரூபன் எடுக்கலாம்." பிழை. அஸ்பிரினும் அப்படியே, இரத்தக் கசிவைக் கூட்டும். பரசிட்டமோல் மட்டும். 50 கிலோவுக்கு மேற்பட்ட வளர்ந்தவருக்கு 500 மில்லிகிராம் குளிசை இரண்டு, 6 மணித்தியால இடைவெளியில், நாளுக்கு 8 குளிசைக்கு மேல் இல்லை. தடிமல் குளிசைகள் பலவற்றிலும் பரசிட்டமோல் இருப்பதால் அதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

"என்எஸ்1 இல்லை என்று வந்தால் டெங்கு இல்லை." பிழை. டெங்கு வைரசின் புரதத்தைத் தேடும் அந்த இரத்தப் பரிசோதனை முதல் சில நாட்களில்தான் நன்றாகப் பிடிக்கும், அப்போதும் தவறவிடலாம். காய்ச்சலின் மூன்றாம் நாள் முழு இரத்தப் பரிசோதனை வேண்டும். பப்பாசி இலைச் சாறு குடித்துவிட்டு அதைத் தள்ளிப் போடக் கூடாது. 50 கிலோ உள்ளவர் நாளுக்கு ஏறக்குறைய 2½ லீற்றர் ஜீவனி (உப்புச் சீனிக் கரைசல்), கஞ்சி, இளநீர் எனக் குடிக்கலாம். சிவப்பு, மண்ணிற பானங்கள் வேண்டாம். வாந்தியில் இரத்தம் கலந்ததா என்று தெரியாமல் போகும்.

ஒக்டோபரிலிருந்து ஜனவரி வரை எங்கள் பக்கத்தில் காய்ச்சல் என்றாலே டெங்கு என்று முடிவு கட்டுகிறோம். 2024 டிசம்பரில் யாழ்ப்பாணத்தில் எலிக்காய்ச்சல் பரவியதை மறக்கக் கூடாது. வயலிலோ வெள்ளத்திலோ கால் வைத்து ஓரிரு கிழமையில் காய்ச்சல், கெண்டைக்கால் நோவு, கண் சிவப்பு வந்தால், கேட்காவிட்டாலும் "வயலுக்குள் இறங்கினேன்" என்று வைத்தியரிடம் சொல்ல வேண்டும். விதைப்புக்கு முன் பொதுச் சுகாதார பரிசோதகரைக் கண்டால் எலிக்காய்ச்சலைத் தடுக்கக் கிழமைக்கு ஒருமுறை எடுக்கும் டொக்சிசைக்கிளின் மருந்து பற்றிச் சொல்வார். கர்ப்பிணிகளும் சிறுபிள்ளைகளும் அதைத் தாமாக எடுக்கக் கூடாது.

மிகச் சிறிய உண்ணி கடித்து வரும் உண்ணிக்காய்ச்சலுக்கும் ஒரு வரி ஒதுக்குங்கள். அக்குள், அரை, மார்புக்குக் கீழ் என மறைவான இடத்தில் நோகாத கறுத்த பொருக்கு ஒன்று இருக்கும். காய்ச்சல்காரர் உடம்பைத் தானே பார்த்தால்தான் அது தெரியவரும்.

வலிகாமம்_வாசிகசாலை:
மெத்தப் பெரிய உதவி. உலக சுகாதார நிறுவனத்தின்ர நிறம் போட்ட இதய ஆபத்து அட்டவணையையும் ஒட்டலாமோ? வேற என்ன விட்டுப் போச்சு?

கிளினிக்_கொப்பி:
ஒட்டலாம், ஆனா 2019 இல வந்ததில "தென்கிழக்காசியா" அட்டவணையை எடுங்கோ. இலங்கையை அதுக்குள்ளதான் சேர்த்திருக்கு. தெற்காசியா எண்டதைப் பாத்து எடுத்தால் பிழை. ரத்தப் பரிசோதனை தேவையில்லாத வடிவத்துக்கு வயது, ஆணோ பெண்ணோ, புகைக்கிறவரோ, மேல் பிரஷர், பிஎம்ஐ காணும். 40 இலிருந்து 74 வயதுக்குத்தான். அதில 10 வீதம் எண்டால், அப்பிடிப்பட்ட 100 பேரில 10 பேருக்கு அடுத்த 10 வருசத்தில மாரடைப்போ பாரிசவாதமோ வரும் எண்டு கருத்து. ஏற்கெனவே மாரடைப்பு வந்தவை அதை நிரப்பத் தேவையில்லை, அவை கூடின ஆபத்தில இருக்கிறவை. சலரோகக்காரருக்கு இந்த வடிவம் குறைச்சுக் காட்டும்.

விட்டுப் போனது வாய். வெத்திலை, பாக்கு, புகையிலை போடுறவை கண்ணாடிக்கு முன்னால கன்னத்தின்ர உட்பக்கம், நாக்கின்ர ஓரம், நாக்குக்குக் கீழ பாக்க வேணும். வெள்ளை அல்லது சிவப்புத் திட்டு, ரெண்டு கிழமையில ஆறாத புண், உறைப்புப் பட எரிவு, மூண்டு விரலை நிமித்தி வைக்க வாய் திறக்கேலாமை, இதில ஒண்டெண்டாலும் அரச வைத்தியசாலைப் பல் கிளினிக்குக்குப் போக வேணும். புகையிலையை விட்டிட்டன், பாக்கு மட்டும்தான் எண்டு நிம்மதியா இருக்காதேங்கோ. பாக்கே புற்றுநோயை உண்டாக்கும்.

35 வயது கடந்தவையை பக்கத்து அரச வைத்தியசாலையில இருக்கிற ஆரோக்கிய வாழ்வு நிலையத்துக்கு அனுப்புங்கோ, பரிசோதனை இலவசம். 35, 45 வயதுப் பெண்களுக்கு கருப்பைக் கழுத்துப் பரிசோதனை சுகவனிதையர் கிளினிக்கில. நாள் எப்ப எண்டு முன்னமே கேட்டுத் தாளின்ர அடியில அச்சடியுங்கோ. "டொக்டரைச் சந்திக்கவும்" எண்டு மட்டும் போட்டால் ஒருத்தரும் போக மாட்டினம்.

பனங்கூடல்:
கிணத்தையும் கேளுங்கோ. எங்கட சுண்ணாம்புக்கல் நிலத்தில தோட்டத்துக்குப் போடுற யூரியா நைத்திரேற்றா நேர கிணத்துக்கு இறங்கும். எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம். மாப்பால் குடிக்கிற ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தை உள்ள வீட்டுக்கு இது முக்கியம், கூடினால் உடம்பு நீலம் பாரிக்கும். கொதிக்க வைச்சால் கிருமி சாகும், நைத்திரேற்று போகாது, தண்ணி வத்த வத்த செறிவு இன்னும் கூடும். ஆகையால் "கொதிக்க வைத்தால் எந்தத் தண்ணியும் குழந்தைக்குப் பாதுகாப்பு, சரியா பிழையா?" எண்ட கேள்வியைப் பின்பக்கத்தில சேருங்கோ. பிழை எண்டு தெரியாத வீட்டுக்காரர் கிணத்துத் தண்ணியைச் சோதிக்க பொதுச் சுகாதார பரிசோதகரோட கதைக்கட்டும், அதுவரை குழந்தைக்கு நைத்திரேற்று சோதிச்ச குழாய்த் தண்ணி எடுக்கட்டும்.