சூரிய மின்தகடுகளுக்கு அடியில் சாகுபடி: நிழலும் நீரும்

சாகுபடி செய்பவரின் பகிர்வு

மின்தகடுகளுக்கு அடியில் பயிர் செய்வது குறித்துக் கேட்பவர்களில் பெரும்பாலோர் நிழலைப் பற்றியே கவலைப்படுகிறார்கள். அந்தக் கவலை நியாயமானதுதான் என்றாலும், அப்படிப்பட்ட நிலத்தில் சில பருவங்கள் பயிர் வைத்துப் பார்த்ததில், தகட்டின் கீழ்விளிம்பிலிருந்து கொட்டும் மழைநீர்தான் எனக்கு அதிக வேலை வைத்தது.

ஒரு வரிசைத் தகடுகளின் மேல் பெய்யும் மழை முழுவதும் ஒரே கோட்டில் இறங்குகிறது. அந்தக் கோட்டில் மண் அரித்துச் சிறு வாய்க்காலைப் போலப் பள்ளம் விழும். கீரை நாற்றுகளின் வேர் வெளியே தெரியும். அங்கிருந்து இரண்டடி உள்ளே தள்ளி விரலால் கிளறினால், மழை பெய்த சுவடே இல்லாமல் மண் புழுதியாக இருக்கும். ஆகவே சொட்டுநீர்க் குழாய்களைச் சம இடைவெளியில் பரப்பாமல், மழை எட்டாத உட்பகுதியில் நெருக்கமாகவும் விளிம்பை நோக்கி விலக்கியும் அமைத்தேன். நீர் விழும் கோட்டில் பயிர் வைக்காமல் புல்லை அடர்த்தியாக வளரவிட்டதில் அரிப்பு பெருமளவு நின்றது.

நிழலைப் பொறுத்தவரை, எந்தப் பயிர் என்பதோடு எப்படிப்பட்ட ஆண்டு என்பதையும் பார்க்க வேண்டும். ஜெர்மனியில் ஹெகல்பாக் பண்ணையில், அறுவடை இயந்திரம் அடியில் சென்றுவரும் உயரத்தில் தகடுகளை நிறுத்தி 2016 முதல் சோதித்தார்கள். தகடுகளுக்கு அடியில் உருளைக்கிழங்கு விளைச்சல், திறந்த வயலோடு ஒப்பிட, 2017-இல் சுமார் 18 சதவீதம் குறைந்தது. கடும் வறட்சி நிலவிய 2018-இல் 11 சதவீதம் கூடியது. வெயில் மண்ணைக் காய்ச்சும் ஆண்டில் நிழல் ஈரத்தைக் காப்பாற்றுகிறது. மேகமூட்டமான ஆண்டில் அதே நிழல் பயிருக்குக் கிடைக்கும் கொஞ்ச வெளிச்சத்தையும் பறித்துக்கொள்கிறது. கீரை, இஞ்சி போன்றவை இதைத் தாங்கும். மக்காச்சோளத்துக்கு இந்த இடத்தை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

தகடு நிறுவும் பணியில் இருப்பவரின் பதில்

விளிம்பு நீரைப் பற்றிச் சொன்னது சரி. தகடுகளைக் கழுவும் நீரும் அதே கோட்டில்தான் விழும் என்பதால், சோப்புத்தூள் எதுவும் கலக்காமல் வெறும் நீரால் கழுவுமாறு நான் எப்போதும் வலியுறுத்துகிறேன். உழவு நாட்களில் எழும் புழுதி தகடுகளில் படிந்து உற்பத்தியைக் குறைப்பதால், உழவு முடிந்த பின் கழுவுவது நல்லது. அந்த நீரும் புல்லுக்குப் பயன்படும்.

இன்னொன்றையும் சேர்க்க வேண்டும். இன்வெர்ட்டரை, அதாவது தகடு தரும் டிசி (நேர்மின்னோட்ட) மின்சாரத்தை ஏசியாக (மாறுமின்னோட்டமாக) மாற்றும் கருவியை, நிறுத்திவிட்டால் மின்சாரமே இல்லை என்று களையெடுப்பவர்கள் நம்பிவிடுகிறார்கள். தகட்டில் வெளிச்சம் பட்டுக்கொண்டிருக்கும் நேரமெல்லாம் அதிலிருந்து வரும் டிசி கம்பிகளில் மின்னழுத்தம் இருந்துகொண்டே இருக்கும்; தொடராக இணைத்த தகடுகளில் அது பல நூறு வோல்ட் வரை போகும். எனவே கம்பிகள் மண்வெட்டிக்கும் எலிக்கும் எட்டாதபடி குழாய்க்குள் செல்ல வேண்டும். மண்ணுக்கு அடியில் கொண்டுபோவதாக இருந்தால், உழவு ஆழத்துக்கு நன்றாகக் கீழே பதித்து, அந்தத் தடத்தை வயலில் கல் நட்டு அடையாளப்படுத்துங்கள்.