தக்காளி வேர்முடிச்சும் பாக்டீரியா நச்சு மரபணுவும்

கேள்வி (உசிலம்பட்டி):
ஐயா, என் தோட்டத்துத் தக்காளிச் செடிகள் உச்சி வெயிலில் துவண்டு சாயங்காலம் நிமிர்கின்றன. ஒன்றைப் பிடுங்கிப் பார்த்தபோது வேரெங்கும் மிளகளவு முடிச்சுகள் கோத்திருந்தன. பேசிலஸ் துரிஞ்சியென்சிஸ் பாக்டீரியாவின் நச்சு மரபணுவைச் செடிக்குள் புகுத்தி, இந்த முடிச்சுகளை உண்டாக்கும் நுண்ணிய மண்புழுவினமான நூற்புழுவைத் தடுக்கலாம் என்கிறார்களே, உண்மைதானா?

பதில் 1:
ஆய்வக அளவில் உண்மைதான். அந்தப் பாக்டீரியாவின் கிரை5பி, கிரை6ஏ ஆகிய நச்சுப் புரதங்கள் நூற்புழுவின் குடல் செல்களைச் சிதைப்பவை. அவற்றின் மரபணுக்களைத் தக்காளி வேர்களில் புகுத்திச் சோதித்தபோது வேர்முடிச்சு நூற்புழுவின் இனப்பெருக்கம் குறைந்தது. இப்புழு ஊசி போன்ற வாயுறுப்பை வேரின் செல்லுக்குள் செருகிச் சாற்றை உறிஞ்சிப் பிழைப்பதால், மண்ணில் ஊற்றும் நச்சுப் புரதம் அதன் குடலை எளிதில் எட்டாது. ஆகவேதான் உணவாகும் வேரிலேயே நச்சை உருவாக்க முயல்கிறார்கள்.

பதில் 2 (மேலூர்):
இதே பாக்டீரியாவின் மரபணு புகுத்திய பி.டி. பருத்தியோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். அதிலுள்ள கிரை1ஏசி புரதம் காய்ப்புழுவுக்கானது, நூற்புழுவுக்கு அன்று. 2010 பிப்ரவரியில் பி.டி. கத்தரியையே மத்திய அரசு நிறுத்திவைத்தது, அதுவும் காய்த்துளைப்பானுக்கானதுதான். நூற்புழுவைத் தாங்கும் 'பி.டி. தக்காளி' என்று யாரேனும் விதை விற்றால் வாங்காதீர்கள்.

கேள்வி கேட்டவர்:
அப்படியானால் அடுத்த பட்டத்துக்கு என்ன செய்வது?

பதில் 2:
கோடையில் ஆழ உழுது மண்ணைக் காயவிடுங்கள். வேப்பம் பிண்ணாக்கை அடியுரமாக இட்டு, முடிச்சில்லாத நாற்றுகளையே நடுங்கள். அதற்குமுன் ஒரு போகம் செண்டுப்பூ போட்டால் நூற்புழு குறையும். பூவை மதுரை மாட்டுத்தாவணிச் சந்தைக்கு அனுப்பலாம்.