புதுப்பிப்பு: ஆபீஸ் போனில் 0 தடை, விதிவிலக்கு போட்டாச்சு

கப்பலூரில் எங்கள் கோடவுன் ஆபீஸ் போனில் 0 என்று தொடங்கும் எண்களை எல்லாம் அடைத்து வைத்திருந்ததால் லாரி டிரைவர்களின் செல்லுக்கே பேச முடியவில்லை என்று முன்பு எழுதியிருந்தேன். இப்போது சரியாகிவிட்டது.

எஸ்டிடி, அதாவது வெளியூர் அழைப்புகளைத் தடுக்க எப்போதோ போட்ட தடை அது. 2021 ஜனவரி 15 முதல் லேண்ட்லைனிலிருந்து செல்லுக்கும் முன்னால் 0 போட வேண்டும் என்று வந்ததில் இரண்டும் சேர்ந்து மாட்டிக்கொண்டன. புரோகிராமிங் செய்ய வந்த அண்ணன் தடையை அப்படியே விட்டுவிட்டு, செல் எண்கள் 6, 7, 8, 9 என்று தொடங்குவதால் அனுமதிப் பட்டியலில் 06, 07, 08, 09 சேர்த்தார். திண்டுக்கல் 0451, விருதுநகர் 04562 இரண்டும் அப்புறம் சேர்ந்தன.

இதில் பெங்களூரு 080, அகமதாபாத் 079 கோடுகளும் திறந்துவிடும். அவற்றை அடைத்தால் 80, 79 என்று தொடங்கும் செல் எண்களும் போய்விடும், அதனால் விட்டுவிட்டோம்.

வாட்ச்மேன் அறை போனில் வெளி அழைப்பே கிடையாது. அதிலும் 112, 108 திறந்தே இருக்க வேண்டும் என்று பிடிவாதமாக நின்றேன். இரவில் அங்கே இருப்பது அவர் ஒருவர்தான். "போட்டாச்சு சார், முதல் விதியே அதுதான்" என்றார் அண்ணன். ஐஎஸ்டிக்கான (வெளிநாட்டு அழைப்பு) 00 மட்டும் எல்லா போனிலும் அடைத்தே இருக்கிறது.