கிரீஸ் டிராப்பில் வெந்நீர் ஊற்றியவர்களின் அனுபவங்கள்

கோயம்புத்தூர், உணவக உரிமையாளர்:

பதினோரு ஆண்டுகளாக உணவகம் நடத்தி வருகிறேன். பாத்திரம் கழுவும் இடத்திலிருந்து பாதாளச் சாக்கடைக்குப் போகும் வழியில், கழுவிய நீரிலிருந்து எண்ணெயையும் கொழுப்பையும் பிரித்து நிறுத்தும் தொட்டியான கிரீஸ் டிராப் ஒன்றைக் கட்டியிருந்தோம். அது எப்படி வேலை செய்கிறது என்று நான் யாரிடமும் கேட்டதே இல்லை. வாரம் ஒருமுறை கொதிக்கும் நீரையும் சோப்புத்தூளையும் ஊற்றி, மூடியைத் திறந்து பார்ப்போம். தொட்டி பளிச்சென்று இருக்கும். பராமரிப்பு நன்றாக நடக்கிறது என்றே நம்பினேன்.

சென்ற ஆண்டு தீபாவளிக்கு முந்தைய ஞாயிறன்று, மதியச் சாப்பாட்டு நேரத்தில், கழுவிய நீர் தரை வடிகால் வழியாகவே சமையற்கட்டுக்குள் திரும்பி வந்தது. டிராப்பைத் திறந்தோம், அடைப்பு இல்லை. அதற்கு அப்பால், தெருவோரம் இருந்த சேம்பரைத் திறந்தபோதுதான் உண்மை தெரிந்தது. சாம்பல் நிறத்தில், துணி சோப்பைப் போல இறுகிய கொழுப்பு குழாயின் வாயை முக்கால்வாசி அடைத்திருந்தது. அதில் கறிவேப்பிலையும் சோற்றுப் பருக்கைகளும் பதிந்து கிடந்தன. கடப்பாரையால்தான் பெயர்க்க முடிந்தது. அன்று மாலை வியாபாரமே இல்லை.

வந்த பிளம்பர் பொறுமையாக விளக்கினார். தொட்டிக்குள் நீர் வேகம் குறைந்து ஆறும்போதுதான் எண்ணெய் மேலே மிதக்கிறது, சோறும் மண்டியும் கீழே படிகின்றன, இடையிலுள்ள நீர் மட்டும் வெளியேறுகிறது. நாங்கள் ஊற்றிய வெந்நீர் மிதந்த கொழுப்பை உருக்கியது. சோப்பு அதை நீரோடு கலக்கச் செய்தது. இரண்டும் சேர்ந்து அதைத் தொட்டியைத் தாண்டித் தள்ளிவிட்டன. குளிர்ந்த குழாயில் அது மறுபடியும் உறைந்தது. நாங்கள் சுத்தம் செய்ததாக நினைத்த ஒவ்வொரு வாரமும் அடைப்பைத்தான் வளர்த்திருக்கிறோம். இதை எண்ணும்போது இன்றும் மனம் வருந்துகிறது.

இப்போது குருமா, சால்னா ஒட்டிய தட்டுகளை நீர் படுவதற்கு முன்பே வழித்துக் குப்பைக் கூடையில் போடுகிறோம். வேறு எந்த மாற்றத்தையும் விட இந்த ஒன்றுதான் அதிகப் பலன் தந்தது.

சென்னை, குழாய்ப் பணியாளர்:

ஐயா சொல்வதை நான் பல உணவகங்களில் கண்டிருக்கிறேன். இரண்டு செய்திகளைச் சேர்க்க விரும்புகிறேன். கழிவு உறிஞ்சும் லாரி வந்து தொட்டியைக் காலி செய்த பிறகு அதில் நல்ல நீரை நிரப்ப வேண்டும். காலியாக விட்டால் அது நிரம்பும்வரை எண்ணெயைப் பிரிக்கும் வேலை சரியாக நடக்காது. அடைக்கிறது என்று சொல்லி வெளியேறும் வழியில், மிதக்கும் எண்ணெய்க்குக் கீழிருந்து நீரை எடுக்கும் T வடிவக் குழாயைச் சிலர் கழற்றி எறிந்துவிடுகிறார்கள். அதன் பிறகு மிதக்கும் எண்ணெய் நேரே சாக்கடைக்குத்தான் போகும்.

இன்னொன்றை மிகுந்த வேதனையோடு எழுதுகிறேன். கட்டடத்தின் அடித்தளத்தில் ஆள் இறங்கும் ஆழத்துக்கு டிராப் வைத்திருந்த ஓர் இடத்தில், லாரிக் கட்டணத்தை மிச்சப்படுத்த, என்னுடன் வந்த இளைஞனை உள்ளே இறக்கி அள்ளச் சொன்னார்கள். நான் மறுத்துத் திரும்பிவிட்டேன். மூடிய தொட்டியில் அழுகும் உணவு ஹைட்ரஜன் சல்ஃபைடை வெளியிடுகிறது. முதலில் அழுகிய முட்டை நாற்றம் வரும். செறிவு கூடினால் மூக்கு மரத்து நாற்றமே தெரியாமல் போகும், ஆபத்து நீங்கிவிட்டது என்று மனிதர் ஏமாந்துவிடுவார். பாதுகாப்பின்றிச் சாக்கடையிலும் செப்டிக் டேங்கிலும் மனிதரை இறக்குவதை 2013ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. சாக்கடை மரணங்களுக்கான இழப்பீட்டை உச்ச நீதிமன்றம் 2023இல் 30 லட்சம் ரூபாயாக உயர்த்தியது. எண்ணெய்த் தொட்டியில் சேரும் வாயுவும் அதே வாயுதான்.

மதுரை, விடுதிச் சமையற்கூடப் பொறுப்பாளர்:

பொதுச் சாக்கடையில் விடும் கழிவுநீரில் எண்ணெயும் கொழுப்பும் லிட்டருக்கு 20 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது சுற்றுச்சூழல் பாதுகாப்பு விதிகளில் உள்ள வரம்பு. ஆகவே உறிஞ்சிய தேதி, அளவு, லாரி எண், கழிவு கொண்டு செல்லப்பட்ட இடம் ஆகியவற்றை ஒரு நோட்டில் எழுதிக் கையொப்பம் வாங்குகிறேன். வடை பொரித்த எண்ணெயை டிராப்பில் கொட்டவே கூடாது. அதைத் தனி கேனில் சேர்த்து பயோடீசலுக்கு வாங்குவோரிடம் கொடுக்கிறோம். டிராப்பிலிருந்து எடுத்த கொழுப்பை இந்தக் கேனில் கலக்கவும் கூடாது.

மிதக்கும் கொழுப்பும் அடிமண்டியும் சேர்ந்து தொட்டி ஆழத்தில் கால் பங்கை எட்டினால் லாரியை அழைக்க வேண்டும் என்பது நாங்கள் பின்பற்றும் கணக்கு.

கோயம்புத்தூர், உணவக உரிமையாளர்:

அந்தக் கணக்கை நானும் தொடங்கிவிட்டேன். முனையை மடக்கிய கம்பியைக் கொழுப்புப் படலத்தின் ஊடே இறக்கித் திருப்பி, மேலே இழுத்தால் படலத்தின் அடியில் தட்டி நிற்கும், கனம் தெரிந்துவிடும். வெள்ளைத் துணி சுற்றிய குச்சியை அடிவரை இறக்கினால் மண்டியின் கறை உயரம் காட்டும். எங்கள் தொட்டியில் நீரின் ஆழம் 80 சென்டிமீட்டர். இன்று காலை இரண்டும் சேர்ந்து 17 வந்தது. கால் பங்கான 20ஐ நெருங்கிவிட்டதால் சனிக்கிழமைக்கு லாரி சொல்லியிருக்கிறேன்.