பால்வழியில் வருஷத்துக்கு எத்தனை நோவா? கடலூர், புதுச்சேரிப் பக்கம் தேடுகிறவர்களின் அனுபவப் பகிர்வு

தாழங்குடா:
நோவா என்பது வெண்குள்ள விண்மீன் ஒன்று துணை விண்மீனிடம் இழுத்த வாயு வெடித்துத் திடீரெனப் பிரகாசமாவது. வருஷத்துக்குக் கண்ணில் படுவது பத்து போல. வெடிப்பது அதைவிடப் பல மடங்கு. வானியலாளர் ஷாஃப்டர் 1997-இல் வருஷத்துக்கு 35 என்றார், 2017-இல் அவரே 50 என்றார். பாலோமரின் அகச்சிவப்புக் கேமராவான காட்டினியை வைத்து 2021-இல் வந்த கணக்கு 44. வானம் முழுக்கத் துழாவும் அசாசின் கேமராக்களின் தரவிலிருந்து 2022-இல் வந்தது 26. ஒவ்வொன்றுக்கும் பிழைவரம்பு பெரிது, அதனால் இவற்றுக்குள் சண்டை என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

நோவாக்களை நம் கண்ணிலிருந்து மறைக்கும் முதல் திருடன், விண்மீன்களுக்கு நடுவே கிடக்கும் தூசி. சராசரி நோவாவின் உச்சம், தனிப் பிரகாச அளவில் (10 பார்செக் தூரத்தில் வைத்துப் பார்த்தால் தெரியும் பிரகாசம்; எண் கூடக் கூட மங்கல்) -7.5. பால்வழி மையம் 8 கிலோபார்செக், அதாவது சுமார் 26,000 ஒளியாண்டு தூரம். அந்தத் தூரத்துக்கு 14.5 கூட்டினால் 7 வரும், பைனாகுலருக்கே எட்டும். ஆனால் மையத்தை நோக்கி நேராகப் பார்த்தால் காட்சி ஒளியில் தூசி இன்னும் 30 அளவைத் தின்றுவிடும். 37-ஆம் அளவை எந்தத் தொலைநோக்கியும் பிடிக்காது. கே பட்டை என்ற அகச்சிவப்பு ஒளியில் இதே தூசி 3 அளவுக்குள்தான் தின்னும். அகச்சிவப்புத் தேடலுக்கு மவுசு வந்தது இதனால்தான்.

மூலம்–பூராடம்:
இரண்டாவது திருடன் பஞ்சாங்கத்திலேயே இருக்கிறான். மையம் இருப்பது மூலத்துக்கும் பூராடத்துக்கும் நடுவில். மார்கழியில் சூரியன் தனுசுவில், அதனால் மாதம் முழுக்க ஒன்றும் தெரியாது. அதற்கு முன்னால் ஐப்பசி, கார்த்திகை மாலைகளில் தனுசு மேற்கே, ஊர் வெளிச்சத்துக்குள் இறங்கும். வடகிழக்குப் பருவமழையும் அப்போதுதான். ஆக அக்டோபர் நடுவிலிருந்து ஜனவரி கடைசிவரை நம் கடற்கரையில் கடை அடைப்பு. அந்த மூன்றரை மாதத்தில் வெடித்து மங்கிய வேக நோவாக்கள் நம் கணக்கில் வரவே வராது.

பதிலுக்கு ஒரு வரமும் உண்டு. பிப்ரவரி, மார்ச் விடியற்காலையில் தனுசு தென்கிழக்கே கடல்மேல் எழும். தேவனாம்பட்டினத்திலிருந்து அந்தத் திசையில் விசைப்படகு விளக்கு தவிர வேறு வெளிச்சம் குறைவு. நம் அட்சரேகை 12-க்கு மையம் 49 பாகை உயரம் ஏறும், 20 பாகைக்கு மேல் ஏறத்தாழ 7.8 மணி நேரம் நிற்கும். 35-ஆம் அட்சரேகையில் இருக்கிற ஜப்பான்காரருக்கு 4 மணி நேரம்தான். அப்படியும் நோவா கண்டுபிடிப்பில் அவர்கள் பெயர்தான் அதிகம்: சிக்னஸில் 1975-இல் மினோரு ஹோண்டா, காசியோப்பியாவில் 2021-இல் யூஜி நகமுரா. இடத்தைவிட விடாப்பிடிதான் காரணம் என்று தோன்றுகிறது.

லாஸ்பேட்டை:
கேமரா விஷயம் சொல்கிறேன். ஏபிஎஸ்-சி சென்சார், 135 மி.மீ. லென்ஸ். சட்டகம் 9.4 × 6.3 பாகை. மையத்தைச் சுற்றி 20 × 20 பாகையை ஓரம் ஓரமாக மேவி எடுக்க 12 சட்டகம். எஃப் 2.8, ஐஎஸ்ஓ 800, 30 விநாடி, ஒவ்வொரு இடத்துக்கும் மூன்று படம். மூன்றுக்கும் நடுவே 10–15 பிக்சல் நகர்த்துங்கள். நகர்த்தாவிட்டால் சூடான பிக்சல் ஒன்று மூன்று படத்திலும் அதே இடத்தில் நின்று நோவா வேஷம் போடும்.

வானச் சுழற்சிக்கு ஈடாகக் கேமராவைத் திருப்பும் டிராக்கர் இல்லாமல் இந்த லென்ஸில் 2 விநாடிக்கே விண்மீன் நான்கைந்து பிக்சல் இழுபடும். டிராக்கரை வடக்கு நோக்கி வைப்பதில் நமக்கு ஒரு சங்கடம். துருவ நட்சத்திரம் 12 பாகையில்தான், தென்னைக்குப் பின்னால். கடலூர்க்காரர்களுக்கு அதுவும் புதுச்சேரி வெளிச்சத்துக்குள். அதைத் தேடி அரை மணி நேரம் கெடுக்க வேண்டாம். டிஜிட்டல் சாய்வுமானியில் 11.8 பாகை, திசைக்கு காம்பஸ், அது போதும். ஒரு பாகை தப்பினாலும் 30 விநாடியில் இழுபடுவது ஒன்றரை பிக்சல்தான்.

ஏசி அறையிலிருந்து எடுத்த லென்ஸை நேராக மணலில் திறந்தால் பூத்துவிடும். கவரை மூடியபடியே அரை மணி நேரம் வெளியில் வையுங்கள். உப்புப் படிந்த கண்ணாடியை உலர்ந்த துணியால் தேய்க்காதீர்கள், முதலில் ஊதுபந்து.

வில்லியனூர்:
அண்ணா, ஒரு வருஷம் முழுக்க எடுத்து ஒன்றுமே சிக்கலைன்னா அத்தனையும் வீண்தானே?

கணக்குப்பிள்ளை:
இல்லை தம்பி. சிக்காத ராத்திரியை எழுதி வைத்தவனுக்குத்தான் வருஷத்துக்கு எத்தனை என்ற வீதம் கிடைக்கும்.

கணினியில் போலி நோவா 2000 உண்டாக்குங்கள். ஒவ்வொன்றுக்கும் ஏதோ ஒரு தேதி, வட்டும் மைய வீக்கமும் சேர்ந்த நிறை மாதிரியிலிருந்து ஓரிடம், -7.5-ஐச் சுற்றி ஒரு உச்சம், மங்கும் வேகம். 2021-இல் ஹெர்குலஸில் வந்த வி1674 ஒரு நாள் சொச்சத்தில் இரண்டு அளவு இறங்கியது, சிலது மாதக்கணக்கில் இழுக்கும். இரண்டு வகையும் இருக்க வேண்டும். பிறகு தூசியைக் கூட்டுங்கள். பேஸ்டார் என்ற தூசி வரைபடம் வான நடுவரையிலிருந்து -30 பாகைக்குத் தெற்கே கிடையாது, விருச்சிகத்தின் வால் முழுக்க விடுபடும். அங்கே 2006-இல் வந்த மார்ஷல் வரைபடம். கடைசியில் உங்கள் நோட்டில் எடுத்த இரவுகளோடு ஒப்பிட்டு எத்தனை பிடிபட்டிருக்கும் என்று எண்ணுங்கள்.

2000-இல் 200 தேறினால் உங்கள் பிடிக்கும் திறன் பத்தில் ஒன்று. நிஜத்தில் 3 சிக்கினால் வீதம் 30. ஆனால் 3 என்ற எண்ணுக்கு பாய்சான் கணக்கில் (சிறு எண்ணிக்கைகளின் தற்செயல் ஏற்ற இறக்கத்துக்கான கணக்கு) 1.4 முதல் 5.9 வரை இடமுண்டு, ஆகவே 14 முதல் 59 வரை. பெரியவர்களின் 26-உம் 50-உம் இதற்குள்ளேயே அடங்கிவிடுகிறது பாருங்கள். ஒன்றும் சிக்காவிட்டால் 0-க்குப் பதில் 3 போடுங்கள், 95 சதவீத நம்பிக்கையில் மேல்வரம்பு வருஷத்துக்கு 30. வெறுங்கை வருஷமும் இப்படி ஒரு விடை தரும்.

திறனைக் கெடுக்கிற தப்பு ஒன்று: எல்லா இரவுக்கும் ஒரே எல்லை அளவு (படத்தில் பதியும் மிக மங்கலான விண்மீனின் அளவு) போடுவது. பௌர்ணமியில் 11 என்பது 9-ஆக இறங்கும். சட்டகத்துக்குச் சட்டகம் எழுதுங்கள்.

தாழங்குடா:
பக்கத்து வீட்டை வைத்து நம் வீட்டை எண்ணும் வழியும் உண்டு. பக்கத்து விண்மீன் மண்டலமான ஆண்ட்ரோமெடாவில் ஹப்பிள் 1929-இல் வருஷத்துக்குச் சுமார் 30 என்றார், ஆர்ப் 1956-இல் 26, டார்ன்லி குழு 2006-இல் 65. வெளியிலிருந்து பார்ப்பதால் நம் தூசித் தொல்லை அங்கே குறைவு. ஆனாலும் எண் இரட்டித்தது, காரணம் மையத்தின் பளபளப்பில் பழைய புகைப்படத் தகடுகள் தவறவிட்டவை. டார்ன்லி அதை நம் பால்வழிக்குச் சுருக்கியபோது 34 வந்தது.

மூலம்–பூராடம்:
புதுப் புள்ளி ஒன்றை நோவா என்று அறிவிக்கும் முன் இரண்டு சோதனை. சூரியப்பாதை தனுசு வழியே போகிறது, ஆகவே சிறுகோள் சரிபார்ப்பு கட்டாயம். ஒரு மணி நேரம் கழித்து இன்னொரு படம் எடுத்தாலே பாதி விடை தெரியும். அடுத்து, மாதக்கணக்கில் மங்கி மறுபடி பிரகாசமாகும் சிவப்பு விண்மீனான மீரா வகை மாறுவிண்மீன். பழைய படத்தில் இல்லாமல் இப்போது சிவப்பாக நிற்கிறதென்றால் மாறுவிண்மீன்களின் விஎஸ்எக்ஸ் பட்டியலையும் அகச்சிவப்பில் எடுத்த 2மாஸ் படத்தையும் பாருங்கள். அகச்சிவப்பில் அங்கே ஏற்கெனவே பிரகாசமாக ஒன்று இருந்தால், பெரும்பாலும் அது மீராதான்.