மறு: கேவிடேஷன் பிளேட்டுக்குத் தமிழ்ச்சொல்

எல்லோருக்கும் வணக்கம். நான் எழுதும் படகு எஞ்சின் பழுதுபார்ப்புக் கையேட்டுக்காக, 'கேவிடேஷன் பிளேட்' என்னும் தகட்டுக்குத் தமிழ்ச்சொல் கேட்டிருந்தேன். கேவிடேஷன் என்பது புரொப்பெல்லரைச் சுற்றித் தண்ணீரில் ஆவிக்குமிழ் உண்டாவது. வந்த யோசனைகளுக்குப் பதில் இது.

> 'குழியரிப்புத் தடுப்புத் தகடு' எனலாமே. கேவிடேஷன் வந்தால் புரொப்பெல்லரில் குழி குழியாக அரிக்கும் அல்லவா?

ஐயா, அரிக்கும் என்பது உண்மைதான். ஆனால் அவுட்போர்டு எஞ்சினில் (படகின் பின்புறம் வெளியே மாட்டும் எஞ்சின்) புரொப்பெல்லருக்கு மேலே படுக்கைவாட்டில் நிற்கும் அந்தத் தகடு கேவிடேஷனைத் தடுப்பதே இல்லை. ஆங்கிலப் பெயரே பிழை. அந்தப் பிழையால் எனக்கு இரண்டு மாதம் வீணாயிற்று.

மும்பையில் வெர்சோவா பக்கம், கோளி மீனவ நண்பர் ஒருவரின் கொட்டகையில், 1950களில் வந்த ஜான்சன் சீஹார்ஸ் 10 குதிரைத்திறன் எஞ்சின் ஒன்றைச் சீர்செய்துவருகிறேன். தீப்பொறிக்கு மின்சாரம் தரும் மேக்னெட்டோ காயில்கள் இரண்டும் வெடித்திருந்தன, மாற்றினேன். தீப்பொறி நேரத்தை ஆளும் பாயின்ட்டுகளின் இடைவெளியை அரை மில்லிமீட்டருக்கு வைத்தேன். காற்றழுத்தத்தால் பெட்ரோலைத் தள்ளும் பழைய இரட்டைக்குழாய் டேங்கை விட்டுவிட்டு டயாபிரம் பம்ப் பொருத்தினேன். எஞ்சினைத் தண்ணீர்த் தொட்டியில் வைத்துக் கயிற்றை இழுத்தால் இரண்டாம் இழுப்பில் பிடித்துக்கொண்டது.

கடலோடையில் இறக்கினால் வேறு கதை. திராட்டிலைத் திருப்பியதும் எஞ்சின் அலறும், படகு நகராது. கேவிடேஷன் என்று படித்ததை நம்பி, கோளாறு புரொப்பெல்லரில்தான் என்று முடிவுகட்டினேன். ஓரங்களை ராவினேன், சமன்பார்த்தேன், வேறொன்று வாங்கியும் மாட்டினேன். பலனில்லை. பக்கத்துப் படகு மெக்கானிக் ஒருநாள் எட்டிப் பார்த்துவிட்டு, "பங்க்கா ஹவா பீ ரஹா ஹை" என்றார். பங்க்கா, அதாவது புரொப்பெல்லர், காற்றைக் குடிக்கிறதாம். படகின் பின்முனையில் எஞ்சின் மாட்டும் அமரத்துப் பலகையின் உயரத்தை அளந்தோம். அது 20 அங்குலம்; என் எஞ்சினோ 15 அங்குலப் பலகைக்கான குட்டைத் தண்டு. படகின் அடிமட்டத்தோடு ஒட்டியோ ஓர் அங்குலம் தாழ்ந்தோ இருக்கவேண்டிய தகடு, வெகு மேலே நின்றிருக்கிறது. பலகையை வெட்டி எஞ்சினை இறக்கியதும் படகு பாய்ந்தது.

> 'குமிழ்த்தடுப்புத் தகடு' போதும், எளிமையாக இருக்கிறது.

எளிமைதான் தங்கையே, ஆனால் எந்தக் குமிழ்? இரண்டு உண்டு. நீர்மட்டத்துக்கு மேலுள்ள காற்றைப் புரொப்பெல்லர் உறிஞ்சிக்கொள்வது ஒன்று. ஆங்கிலத்தில் அது வென்டிலேஷன், தகடு மறிப்பது அதைத்தான். கேவிடேஷனில் வெளிக்காற்றுக்கு வேலையே இல்லை. புரொப்பெல்லர் இறகின் முதுகில் அழுத்தம் சரிந்து, தண்ணீர் அங்கேயே கொதித்து ஆவியாகிறது. 30 பாகை வெப்பத்திலும், காற்றழுத்தத்தில் ஏறத்தாழ 24இல் ஒரு பங்காக அழுத்தம் விழுந்தால் தண்ணீர் கொதித்துவிடும். அந்த ஆவிக்குமிழ்கள் நசுங்கும்போது விழும் அடியில்தான் உலோகம் குழிகிறது. நீராவி டர்பைனை உருவாக்கிய சார்லஸ் பார்சன்ஸின் டர்பீனியா கப்பல் 1894 வெள்ளோட்டத்தில் வேகம் பிடிக்காமல் திணறியது இதனால்தான். ஒற்றைப் புரொப்பெல்லரை எடுத்து, மூன்று தண்டுகளில் மும்மூன்றாக ஒன்பது பொருத்தி, 1897இல் 34 நாட் (மணிக்குச் சுமார் 63 கி.மீ.) வேகத்தைத் தொட்டார்கள். எந்தத் தகட்டாலும் நடந்திருக்காது அது.

அதனால் என் முன்மொழிவு: கேவிடேஷனுக்குக் குளிர்கொதிப்பு. வென்டிலேஷனுக்கு, அந்த மெக்கானிக் சொன்னதையே எடுத்துக்கொண்டு, காற்றுக்குடிப்பு. வீட்டு ஜன்னலுக்குச் சொல்லும் 'காற்றோட்டம்' இங்கே வரவே கூடாது. தகட்டுக்குக் காற்றுமறிதகடு. வழிமறிப்பதில் வரும் அதே 'மறி'. வினைத்தொகை என்பதால் நடுவில் ஒற்று மிகாது. 'காற்றுத்தடுப்புத் தகடு' என்றாலும் பொருள் மாறாது. கையேட்டுப் படத்தின் ஓரத்தில் எழுத நீளம் என்பதால் விட்டேன்.

'குழி'யில் முடியும் சொற்களை ஏன் ஏற்கவில்லை என்றால், குழி விழுவது விளைவு. பழுதுபார்ப்பவருக்குக் காரணம் தெரியவேண்டும். காற்றுமறிதகடு என்று படித்திருந்தால் முதல் நாளே நீர்மட்டத்தைத் தேடியிருப்பேன்.

தூத்துக்குடி, இராமேசுவரம், நாகப்பட்டினத்து நண்பர்கள் ஒரு உதவி செய்யுங்கள். ஓபிஎம் (அவுட்போர்டு மோட்டார்) படகில் தினமும் போகிறவர்களிடம் இந்தத் தகட்டைத் தொட்டுக்காட்டி என்ன பெயர் என்று கேளுங்கள். அவர்களிடம் ஒரு சொல் இருந்தால் என்னுடையதை எடுத்துவிடுகிறேன். கையேட்டின் கியர்பெட்டி அத்தியாயத்தை அதுவரை நிறுத்திவைத்திருக்கிறேன்.

அன்புடன்,
மாட்டுங்காவிலிருந்து